கத்துக்கிற காலத்துக்கு யார் சம்பளம் கொடுக்கிறது?



உங்க முதல் வேலையை ஞாபகப்படுத்திப் பாருங்க. முதல் மூணு மாசம் டிரெய்னிங். உங்களால கம்பெனிக்குப் பைசா வருமானம் இல்லை. ஆனாலும் மாசக் கடைசியில் சம்பளம் வந்துச்சு. நமக்கு இது சாதாரணம். காஞ்சிபுரம் பட்டுத் தறியில் இது சாதாரணமா இருந்ததே இல்லை.

காஞ்சிப் பட்டோட அடையாளம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். நெய்யும்போதே ரெண்டையும் கோர்த்து இணைப்பாங்க. அதுக்கு மூணு நாடா ஓடணும், தறியில் ரெண்டு பேர் உட்காரணும். ஒருத்தர் நெசவாளர். இன்னொருத்தர் பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பவர். அந்த ரெண்டாவது இடம்தான் இந்தத் தொழிலோட பள்ளிக்கூடம். அங்கே வருஷக்கணக்கில் கை பழகின பிறகுதான் சொந்தமா நெய்ய முடியும்.

ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் சின்னப் பசங்கதான் உட்கார்ந்தாங்க. அப்பா அம்மா தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவாங்க, பிள்ளை வேலை செஞ்சு கழிக்கணும். கூலி சொற்பம், கடன் குறையாது. கொத்தடிமை முறையை 1976-லயே சட்டம் ஒழிச்சது. ஆனா 1990-களிலும் காஞ்சிபுரத்தில் இது நடந்துச்சு. 2016-ல் வந்த சட்டத் திருத்தம், 14 வயசுக்குள்ள பிள்ளைங்களை வேலைக்கு வைக்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலுக்கு உதவலாம், அவ்வளவுதான்.

"சின்ன வயசுல கத்துக்கிட்டாதான் கலை பிழைக்கும்"னு இன்னும் சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கத்துக்கிற செலவைக் கடன் சுமந்தா, கத்துக்கிட்ட வேலையும் கடன் கொடுத்தவர் கைக்குப் போயிடும். ரெண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தவங்களுக்கு இந்த வலி கொஞ்சமாவது புரியும்.

பழைய வழி மூடினது நியாயம். ஆனா புது வழி முழுசாத் திறக்கலை. மத்திய அரசோட 'சமர்த்' மாதிரி குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கு. கோர்வை சில வாரத்தில் கைக்கு வராது. அப்ரென்டிஸ் சட்டம் 1961-லிருந்தே இருக்கு. அது தொழிற்சாலைக்கும் கம்பெனிக்கும் பொருந்துற மாதிரி வீட்டுத் தறிக்குப் பொருந்தலை. அதனால் இன்னைக்குப் பல வீடுகளில் அந்த ரெண்டாவது இடத்தில் நெசவாளரோட மனைவிதான் உட்கார்றாங்க, தனிச் சம்பளம் இல்லாம.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி, நாட்டில் மூணில் ரெண்டு பங்கு நெசவுக் குடும்பங்களோட மாச வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். இதைப் பார்த்துட்டு 20 வயசுப் பையன் தறிக்கு வராம டெலிவரி வேலைக்குப் போனா, அது சோம்பேறித்தனம் இல்லை. சரியான கணக்கு.

இப்போ நம்ம கணக்கு. 18 வயசு தாண்டின ஒருத்தருக்குக் கத்துக்கிற காலத்தில் மாசம் 12,000 ரூபாய்னு வெச்சுக்கங்க. தறியில் மாசம் 2 சேலை இறங்கினா, சேலைக்கு 6,000. ஒருத்தர் தலையில் கட்டினா தாங்காது. அரசு, கூட்டுறவுச் சங்கம், கடை, வாங்குற நாம, நாலு பேரும் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு 1,500. முகூர்த்தப் பட்டு வாங்குற வீட்டில், மண்டப வாசல் பூ அலங்காரச் செலவில் இது ஒரு மூலை.

அதனால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்குப் போறப்போ தள்ளுபடி எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க. "கைத்தறியா? கோர்வையா?"ன்னு கேளுங்க. சில்க் மார்க் இருந்தா பட்டு சுத்தம்னுதான் அர்த்தம், கையால நெய்ததுன்னு இல்லை. அதுக்குக் கைத்தறி முத்திரை தனியா இருக்கு.

இன்னொண்ணு, பர்சனல் லோன் போட்டுப் பட்டு வாங்காதீங்க. கல்யாணத்துக்கு 18 மாசம் இருந்தா, மாசம் 2,000 ஆர்டி போடுங்க. 36,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். தறியில் கடன் என்ன பண்ணுச்சுன்னு பார்த்தோமே, சேலை வாங்குற நாம அதே கடன்ல ஏன் விழணும்?

அந்த 1,500 ரூபாயை நீங்க கொடுப்பீங்களா? கமெண்ட்ல மனசு விட்டுச் சொல்லுங்க.