மாணவர் தொண்டும் மலைநாட்டார் மனையும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் மொழி. எலி தனக்கு வேண்டிய வளையைத் தானே தோண்டிக்கொள்கின்றது. அதனை வெளியேறு என்று கூற எவருக்கும் உரிமை இல்லை. மக்கள் நிலை யாது? இலங்கையின் மலைநாட்டிலே 200 ஆண்டுகளாகக் காடு திருத்திக் கோப்பியும் தேயிலையும் விளைத்துத் தந்தோரின் வழித்தோன்றல்களுட் பெரும் பகுதியினர்க்கு, "இஃது எம் மனை" என்று சுட்டிக் காட்ட ஒரு சாண் நிலமும் இன்றுவரை இல்லை.

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து விடுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன்பால் வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? எனினும், அட்டனை அடுத்த பாடசாலை ஒன்றிலே பல்லாண்டு கற்பித்துவரும் எமக்கு, அண்மையில் எம் மாணவன் ஒருவனே ஆசிரியனாயினான். அவன் கற்பித்த பாடத்தை ஈண்டு எடுத்துரைத்தலே தக்கதெனத் துணிந்தோம்.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா என்னும் புயல் இந்நாட்டைத் தாக்கியது. 600க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவே கூற்றாய் வந்தது. இரவோடிரவாக வெளியேறிய குடும்பங்களுக்குப் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் புகலிடமாயின. அக்காலை, உயர்தர வகுப்பின் முதலாண்டிற் பயிலும் எம் மாணவன், வீடிழந்தார்க்கு உதவும் அறநிலையம் ஒன்றிலே தொண்டனாய்ச் சேர்ந்தான். அவன் நகரத்துக் கடைக்காரர் ஒருவரின் மகன். தேயிலை மலைகளின் நடுவே பிறந்து வளர்ந்தவனாயினும், அதுகாறும் லயக் காம்பரா ஒன்றினுள் அவன் கால் வைத்ததில்லை.

அவனுக்குக் கிடைத்த முதற் பணி, வந்தோரின் பெயர்களைப் பதிதல். பெயர், வயது, குடும்பத்தினர் தொகை, விலாசம் என்று படிவத்திலே நிரல்கள் இருந்தன. எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் முன்வந்து அமர்ந்தார். மூன்று நிரல்கள் நிரம்பின. நான்காவதற்கு வந்ததும் அம்மூதாட்டி, "வெலாசமா தம்பி? தொரையோட வெலாசந்தான் எங்க வெலாசம்" என்றார். மாணவன் தோட்டத்தின் பெயரை எழுதினான். அடுத்த குடும்பத்துக்கும் அதுவே, அதற்கடுத்ததற்கும் அதுவே. "நாற்பது குடும்பத்துக்கும் ஒரே வரியை எழுதினேன், சேர். பின்னால் எழுதும்போது கை கூசியது" என்று அவன் எம்மிடம் கூறினான்.

அவன் கை கூசியதன் பொருளை நகரத்து வாசகர் எளிதில் உணரார். தோட்டத்து லயங்களிற் பலவற்றிற்குத் தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலேனும் கொடுத்தனுப்பப்பட்டு, உரியவரைச் சேரும்; சேராமலும் போகும். நேர்முகத் தேர்வு முடிந்த பின்னர் அழைப்புக் கடிதத்தைப் பெற்று, அதனை எம்மிடம் கொண்டுவந்து காட்டி, ஒன்றும் பேசாது நின்ற பழைய மாணவி ஒருத்தியை நாம் அறிவோம். வீடின்மை என்பது மழையில் நனைதல் மாத்திரம் அன்று. உலகம் நம்மைத் தேடி வருங்கால் வந்து நிற்பதற்கு ஒரு வாசல் இல்லாமையும் வீடின்மையே.

அம்மாணவன் கண்ட இரண்டாவது காட்சியைச் சொல்லுங்கால், எம் பிழையையும் சேர்த்தே சொல்லல் வேண்டும். உலருணவுப் பொதிகளை வழங்க வந்த நன்கொடையாளர், பெறுவோரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்பினர். படம் எடுக்கும் பொறுப்பு நம் மாணவனைச் சார்ந்தது. வரிசையிலே தாய்க்குப் பின்னால் நின்ற பெண்ணொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அவனுடைய வகுப்பிலேயே பயில்பவள். அவன் தயங்கினான், ஆயினும், பெரியோர் நிற்கின்றனரே என்று அஞ்சிப் படத்தை எடுத்துவிட்டான்.

"தொண்டின் சான்றாகப் படங்கள் கொண்டு வருக; அறிவித்தற் பலகையிலே இடுவோம்" என்று மாணவர்க்குக் கூறியிருந்தவர் வேறு எவருமல்லர்; நாமே. அப்படமும் பலகையில் ஏறியது. பாடசாலை மீண்டும் தொடங்கியபொழுது அப்பெண் வந்தாள், பலகையைக் கண்டாள், எம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவனிடம் மட்டும், "இந்தப் படம் வேறு எங்கெங்கே போயிற்று?" என்று வினவினாள். அதற்கு விடை அவனிடம் இல்லை, எம்மிடமும் இல்லை. படத்தைக் கழற்றிவிட்டோம், ஆயினும் அவ்வினாவைக் கழற்ற எம்மால் இயலவில்லை. இடது கைக்குத் தெரியாமல் வலது கை கொடுத்த காலம் ஒன்றிருந்தது. இன்றோ, கொடுக்கும் கை ஒன்று, படம் எடுக்கும் கை ஒன்று என்றாகிவிட்டது. பெறுவோரின் நாணத்தை விலையாய்க் கொண்டு வழங்கப்படுவது கொடை ஆகாது, அது வாணிகமே.

இனி, இம்மக்கள் வீடிலராயினமைக்குப் புயலா காரணம் என்று ஆராய்தல் வேண்டும். புயல் பறித்தது கூரையை மட்டுமே. நிலம் முன்னரே அவர்களிடம் இருந்ததில்லை. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே, கூலிக்கு வந்தோரை ஓரிடத்தே திரட்டி வைத்து, விடியலிற் பிரட்டுக்களத்துக்கு அழைப்பதற்கு வாய்ப்பாக அமைக்கப்பட்டவையே லயங்கள். 10 அடிக்கு 12 அடி என்னும் அளவிலே ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. ஒரு குடும்பத்துக்கு வாழ்வு அவ்வளவே. அது வேலைக்காக விடப்பட்ட இடமேயன்றி, வாழ்வோர்க்கு உரிமையான வீடு அன்று.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என ஒதுக்கி வைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன; 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. வாக்குரிமை கிடைத்தது, வாசற்படி கிடைக்கவில்லை. நிலம் அரசினது; குத்தகை கம்பனியினது; உழைப்பும் நோவும் மாத்திரமே தொழிலாளருடையன.

வீடற்ற இம்மக்களுக்கு நம்மவர் தொண்டு செய்த வரலாறும் உண்டு. எழுபதுகளிலே தோட்டங்களில் நிலவிய பட்டினியாலும், 1977ஆம் ஆண்டின் வன்செயல்களாலும் வடக்கு நோக்கி வந்தோரை, வவுனியாப் பகுதியிலே குடியமர்த்திய காந்தீயம் என்னும் இயக்கத்தை நம் இளைய தலைமுறை அறியாது. கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் இராசசுந்தரம் ஆகிய இருவரும் அதனை நிறுவி நடத்தினர். படித்த இளைஞர் பலர் அதில் இணைந்து, கிணறு வெட்டினர், குடிசை கட்டினர், சிறுவர் பள்ளிகளை நடத்தினர். 1983 ஏப்பிரலிலே நிறுவுநர் இருவரும் சிறை வைக்கப்பட்டனர். அவ்வாண்டு யூலையிலே வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொலையுண்டார். குடியேறிய மக்களோ மீண்டும் அலைந்தனர். அத்தொண்டின் முடிவு துயரமாயினும், அதன் முறை இன்றும் நமக்கு வழிகாட்டுவது. பொதி கொடுத்து அனுப்புதல் அவர்கள் நோக்கமன்று. ஒரு குடும்பம் ஓரிடத்தே வேரூன்றுதலே அவர்கள் நோக்கம்.

வேரூன்ற இடமின்மையின் விளைவை 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே நாடு கண்டது. மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "ஏன் அவர்கள் வெளியேறவில்லை?" என்று பலர் கேட்டனர். எங்கே வெளியேறுவது? எச்சரிக்கைக் கடிதம் கையில் இருந்தும், செல்வதற்கு ஒரு துண்டு நிலம் இல்லாதவன் மலையடிவாரத்திலேயே உறங்குகின்றான். இதன் பின்னரே ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்னும் கொள்கை வலுப்பெற்றது. இந்திய அரசின் கொடையாக 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. 2017 மே மாதத்திலே நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவற்றை நாம் நன்றியோடு வரவேற்கின்றோம். ஆயினும், லயங்கள் இன்னும் நிற்கின்றன. மழையும் ஆண்டுதோறும் வருகின்றது.

"மாணவர் கடமை கற்றலே; தொண்டு அவர்களின் காலத்தை வீணாக்கும்" என்பார் உளர். எம்மிடம் அவ்வாறு முறையிட்ட பெற்றோரும் உளர். அவர்கள் கவலை நியாயமானது. தோட்டத்தையும் கடையையும் விட்டு முன்னேறுவதற்குப் பரீட்சை ஒன்றே ஏணியாய் இருக்கும் நாட்டிலே, அதனை எள்ளுதல் தகாது. எனினும், 1958 டிசம்பரிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஆரியரத்தின தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட சிற்றூருக்கு அழைத்துச் சென்று, அம்மக்களோடு தங்கி உழைக்கச் செய்தார். அதிலிருந்தே சர்வோதய இயக்கம் முளைத்தது. அம்மாணவர் அங்கே கொடுத்ததினும் கற்றதே அதிகம் என்பது தெளிவு. எம் மாணவனும் அவ்வாறே. நாற்பது முறை எழுதிய ஒரு விலாசம், நாம் வகுப்பிலே நாற்பது பாடவேளைகளில் உணர்த்த இயலாததை அவனுக்கு உணர்த்திற்று.

"தொண்டு செய்க, காரணம் வினவற்க, வினவின் அது அரசியல்" என்பார் பிறிதொரு சாரார். நோயாளியின் நெற்றியிலே ஈரத் துணி இடுதல் நன்று. ஆயினும், காய்ச்சல் ஏன் வந்தது என்று வினவாத மருத்துவன் மருத்துவனாகான். காரணம் வினவாத தொண்டு அடுத்த புயலுக்கும் அதே பொதியைக் கட்டிக்கொண்டிருக்கும்.

ஆதலின், பழைய மாணவராகிய நம்மவர்க்கு மூன்று கருத்துக்களை முன்வைக்கின்றோம். முதலாவது, இனி நம் பெயரால் நிகழும் எந்த உதவியிலும் பெறுவோரைப் படம் எடுத்தல் கூடாது. கணக்குக்குக் கையொப்பம் போதும். இரண்டாவது, பல தோட்டங்களுக்கு ஒருநாட் சென்று மீளுதலை விடுத்து, ஒரு தோட்டத்தோடு ஓராண்டு முழுவதும் உறவு பூணல் வேண்டும். மாணவர் அங்கே பிறப்புச் சான்றிதழ் இல்லாதார், விலாசம் இல்லாதார், காணிக்கு விண்ணப்பிக்க அறியாதார் ஆகியோர்க்கு எழுத்துத் துணை புரிதல் கூடும்; எழுதக் கற்பித்த நாமே அதற்கு உடன் செல்வோம். மூன்றாவது, நம் சங்கத்திலே வழக்கறிஞர் உளர், நில அளவையாளர் உளர், பொறியியலாளர் உளர். உறுதி எழுதவும், காணி அளக்கவும், சரிவை ஆராயவும் அவர்கள் ஆண்டுக்குச் சில நாட்களை நல்குவாராயின், அஃது ஆயிரம் அரிசிப் பொதியினும் மேலான தானமாகும். விழாவுக்கு எழுப்பும் தோரண வாயில் விழாவோடு இறங்கிவிடும். ஒரு குடும்பத்துக்கு நாம் உதவிப் பெற்ற வாயிலோ அதன் பேரர் காலத்திலும் நிற்கும்.

எம் மாணவன் தொண்டை விட்டுவிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்ட அப்பெண்ணும் இப்பொழுது அவனோடு அமர்ந்து விண்ணப்பப் படிவங்களை நிரப்புகின்றாள். எந்தக் காம்பராவில் எத்தனை குடும்பம், எவருக்கு எந்தச் சான்றிதழ் இல்லை என்பனவற்றை அவனினும் அவளே நன்கறிவாள். அவள் சொல்ல அவன் எழுதுகின்றான். தொண்டு என்பது இவ்வாறு ஒருங்கிருந்து செய்வதே என்று நாம் இப்பொழுது எண்ணுகின்றோம். விலாசம் என்னும் நிரலுக்கு வருங்கால் இருவரும் சற்றே நிறுத்துகின்றனர். அவ்விடத்தில் எழுதுவதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சொந்த வரி கிடைக்கும் நாளை விரைந்து கொணர்தல் கற்றார் கடன். நம் கல்லூரி அன்னை நமக்கு எழுத்தறிவித்ததன் பயனும் அதுவே.