பிள்ளையின் கண்ணீரைக் காட்டி விற்கிற கொப்பி எங்களுக்கு வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. காரைநகரில் கடை வைத்திருக்கிற உறவுகளும், காரைநகரில் இருந்து போய் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற உறவுகளும் கடைசி வரை வாசிக்க வேணும் என்று கேட்கிறோம்.

போன தவணை ஏழாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். நான்காம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பொடியன் கிணற்றடியில் சும்மா இருக்கிறான். தாய் ஒன்றும் சொல்லாமல் தன்ர போனை எடுத்து நீட்டினா.

ஒரு கடையின் முகநூல் பக்கம். காணொளியில் எங்கட பொடியன், பள்ளிச் சீருடையோடு நிற்கிறான். ஆறு கொப்பியும் ஒரு சோடி சப்பாத்தும் கையில் கொடுத்து, “அப்பா எங்கை தம்பி?” என்று கேட்கிறார்கள். அவன் தலையைக் குனிகிறான். பின்னால் சோக இசை. “அண்ணாக்களுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?” என்று திரும்பவும் கேட்டு, கடையின் பெயரை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். கீழே தொலைபேசி இலக்கம். அதற்கும் கீழே, புதுத் தவணைக்கான பாடசாலைப் பொதிகளுக்கு விசேட விலைக்கழிவு.

வகுப்பில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டோம். அந்தக் கடையின் பெயரையும் எழுத மாட்டோம். அவர்களுக்குத் தெரியும். இப்படிச் செய்வது அந்த ஒரு கடை மட்டும் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

கணக்குப் பார்ப்போம். பத்திரிகையில் விளம்பரம் போட்டால் காசு கட்ட வேணும். விளம்பரத்தில் நடிகர் வந்தால் அவருக்குச் சம்பளம் உண்டு. எங்கட பொடியனுக்குக் கிடைத்தது ஆறு கொப்பியும் சப்பாத்தும். கொப்பி தவணை முடிய முடிந்து போகும், சப்பாத்து ஒரு வருசத்தில் கிழியும். அந்தக் காணொளி மட்டும் அவன் கலியாணம் கட்டுகிற நாளிலும் போனில் கிடக்கும். இதைத் தர்மம் என்று எங்களால் சொல்ல முடியாது. இது மலிவு விலையில் எடுத்த விளம்பரம்.

இது ஏன் இப்படிப் பரவுகிறது? ரிக்ரொக்கும் யூரியூப்பும் முகநூலும் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆள் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார், யாருக்குப் பகிர்ந்தார். அழுகிற முகத்தைக் கண்டால் மனிதர் நிற்பார். அதிலும் ஊரை விட்டுப் போன மனிதர் கட்டாயம் நிற்பார். பனிக்காலத்தில் வேலை முடிந்து வந்து கட்டிலில் கிடந்து போனைப் பார்க்கிறவருக்குக் கசூரினாக் கடற்கரையையும் பொன்னாலைப் பாலத்தையும் காட்டி, அடுத்த நிமிசம் ஒரு கிழவியின் கண்ணீரையும் காட்டினால் அவர் மனம் இளகும். இளகின மனம் ஓடர் போடும். இதைத்தான் இவர்கள் ‘கொன்ரென்ட்’ என்கிறார்கள்.

‘சர்ப்ரைஸ்’ வியாபாரமும் இந்த வழியில்தான் போகிறது. கனடாவில் இருக்கிற மகன் அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்புவது நல்ல விசயம். கொண்டு போய்க் கொடுப்பதும் நேர்மையான தொழில். ஆனால் வீட்டு உடுப்போடு கதவைத் திறக்கிற தாயின் முகத்துக்கு நேரே கமராவைப் பிடிப்பது யார் கேட்ட சேவை? பத்து வருசம் பிள்ளையைக் காணாத தாய் அழுவா. அந்த அழுகை அவவுக்கும் மகனுக்கும் உரியது. அடுத்த வாடிக்கையாளரைப் பிடிக்கிற தூண்டில் புழு இல்லை.

இது எங்கே போய் முடியும் என்பதை 2025 மார்ச்சில் பார்த்தோம். உதவி கொடுக்கப் போன வீட்டில் ஒரு இளம் பெண்ணை அவமதிக்கும் விதமாகக் கதைத்துக் காணொளி போட்டார் என்ற குற்றச்சாட்டில் யாழ்ப்பாணத்தில் ஒரு யூரியூபர் கைதானார். அன்று எல்லாரும் கொதித்தோம். ஆனால் அதற்கு முதல் அப்படியான காணொளிகளை இருந்து பார்த்ததும், இதயம் போட்டதும், வட்சப் குழுக்களில் பகிர்ந்ததும் யார்? நாங்கள்தான்.

“வாத்திமாருக்கு வியாபாரம் தெரியுமோ?” என்று கேட்பார்கள். யாழ்ப்பாண முஸ்லிம் வீடுகளில் பிறந்த எங்களுக்குக் கடைதான் தொட்டில். தையல், இரும்பு, புடவை என்று வாழ்ந்த குடும்பங்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்து முகாம்களில் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றபோது எங்களைப் படம் எடுத்தவர்கள் இருந்தார்கள். படம் எடுத்தவருக்கு நாங்கள் ‘அகதி’. எங்கட வாப்பாமாருக்கோ நேற்று வரைக்கும் கடை முதலாளி என்று ஒரு பெயர் இருந்தது. கமரா வரும்போது அவர்கள் முகத்தைத் திருப்பிக் கொண்டதை நாங்கள் மறக்கவில்லை. தொண்ணூறுகளில் இந்தத் தீவை விட்டுப் பையோடு ஓடினவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாங்கள் வியாபாரத்துக்கும் எதிரி இல்லை, காணொளிக்கும் எதிரி இல்லை. காகம் பறக்காத ஊரும் இல்லை, காரைநகரார் போகாத ஊரும் இல்லை என்று சொல்வார்கள். தெற்கில் மூலை முடுக்கெல்லாம் போய்க் கடை போட்ட ஊர் இது. அன்று அந்தக் கடைகளை நடத்தினது தராசும் கடன் கொப்பியும் சொன்ன சொல்லும். யாருடைய வறுமையையும் வாசலில் கட்டித் தொங்கவிட்டு அவர்கள் ஆள் பிடிக்கவில்லை.

ஆளை அழ வைக்காமல் கூட்டம் சேர்க்க முடியாதா? இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கினது. 1952இல் இருந்து பினாக்கா கீத்மாலா என்ற நிகழ்ச்சி கொழும்பில் இருந்து ஒலிபரப்பானது. பினாக்கா என்பது ஒரு பற்பசை. பற்பசை விற்கிறவர்கள் நல்ல பாட்டைப் போட்டார்கள், இந்தியா முழுக்க வாரா வாரம் வானொலிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல் வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். 2018இல் தொடங்கின அந்த வில்லேஜ் குக்கிங் சனல் 2021இல் ஒரு கோடிப் பேரைச் சேர்த்தது. அவர்கள் காட்டினது தங்கட வேலையை.

எங்களிடம் காட்ட வேலை இல்லையா? பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வெளிநாட்டில் பிறந்த எங்கட பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் தெரியும்? ஒடியல் மாவை ஏன் தண்ணியில் ஊறவிட்டுப் பிழிந்து கூழுக்குப் போடுகிறோம்? பனம் பழத்தைப் பிசைந்து, பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு எடுப்பது எப்படி? எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில்? இதை எடுத்துப் போடுங்கோ. அவிக்கிற அக்காவுக்குச் சம்மதம் என்றால் அவ பெயரைப் போட்டு, அவவின் கையைக் காட்டி, காசையும் அவவுக்குக் கொடுங்கோ. பார்க்கிறவர் இரங்கி வாங்க மாட்டார், மதித்து வாங்குவார். இரக்கத்தில் வாங்குகிறவர் ஒருக்கா வாங்குவார். மதித்து வாங்குகிறவர் திரும்பவும் வருவார்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. பெரிய நீலக்கால் நண்டின் படம், எந்தக் கடலில் எடுத்ததோ தெரியாது. கீழே “விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ”. உள்ளே போனால் ஆளுக்கு ஒரு விலை. வெளிநாட்டு இலக்கம் என்றால் அது வேறு விலை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குகிறவரைப் பிழையாக வழிநடத்துகிற வியாபாரத்தைத் தடை செய்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. சட்டத்துக்கு முதலே எங்கட மார்க்கம் இதைச் சொல்லிவிட்டது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் இருந்தது. அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். அழகான படத்துக்குக் கீழே பழைய கருவாட்டை வைப்பதும் அதே ஈரம்தான். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பதை நாங்கள் பள்ளிவாசலிலும் கேட்டிருக்கிறோம், நீங்கள் கோயில் வீதியிலும் கேட்டிருப்பீர்கள். இப்போது வலது கை கொடுப்பது ஆயிரக்கணக்கான பேருக்குத் தெரிகிறது, இலக்கமும் சேர்ந்து.

ஆகவே நேராகவே கேட்கிறோம்.

1. விற்பனைக் காணொளியில் பள்ளிப் பிள்ளையின் முகம் வரக் கூடாது. சீருடையும் வரக் கூடாது. தாய் சம்மதித்தா என்று சொல்லாதேங்கோ. கையில் பொதியை வைத்துக்கொண்டு கேட்டால் எந்தத் தாய் மறுப்பா?

2. கொடுக்க விரும்பினால் பொருளைப் பாடசாலையில் ஒப்படையுங்கோ. யாருக்குத் தேவை என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குக் கூடத் தெரியாமல் மேசைக்குள் வைப்போம். ரசீது தருவோம், படம் தர மாட்டோம்.

3. ‘சர்ப்ரைஸ்’ கொண்டு போகிறவர்கள் கமராவைத் திறக்க முதல் கேளுங்கோ, பதிவேற்ற முதலும் கேளுங்கோ. எடுத்துவிடு என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கோ.

4. விலை, நிறை, செய்த திகதி மூன்றையும் படத்திலேயே போடுங்கோ. உங்கட கடையில், உங்கட கடலில் எடுத்த படத்தையே போடுங்கோ.

5. வெளிநாட்டு உறவுகளே, பிள்ளையின் முகத்தைக் காட்டி விற்கிற கடையில் ஓடர் போடாதேங்கோ. முகத்தை மறைத்துக் கொடுக்கிற கடையைத் தேடிப் போய் வாங்குங்கோ. உங்கட காசு எந்தப் பக்கம் போகிறதோ கமராவும் அந்தப் பக்கம்தான் திரும்பும்.

அந்தப் பொடியன் இப்போது பள்ளிக்கூடம் வருகிறான். நாங்களும் தாயும் கேட்டதில் கடைக்காரர் காணொளியை எடுத்துவிட்டார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேணும், சொல்கிறோம். ஆனால் வேறு பக்கங்களில் பகிர்ந்தவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆறு கொப்பியில் அவன் எழுதுவதில்லை. மட்டை கிழிந்த தன்ர பழைய கொப்பியில் கடைசித் தாள்களில்தான் கணக்குச் செய்கிறான். திருத்தும்போது நாங்களும் ஒன்றும் கேட்பதில்லை.

உங்கட போனில் அவன் வந்தால் பகிராதேங்கோ. தள்ளிவிட்டுப் போங்கோ.