மூச்சை எண்ணத் தெரியுமா?

உங்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கலாம். தம்பியோ, தங்கையோ, அக்காவின் பிள்ளையோ. அதற்குச் சளி, இருமல், காய்ச்சல். பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். அம்மா மார்பில் தைலம் தடவுகிறார். அப்பா கடைக்குப் போய் இருமல் மருந்து வாங்கி வருகிறார். ஆளுக்கொன்று செய்கிறார்கள். ஆனால் குழந்தையின் சட்டையை விலக்கி, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

எண்ணியிருக்க வேண்டும் என்கிறேன் நான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நீங்களே அதை எண்ணலாம் என்றும் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டில் மட்டும் 5 வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 7,40,000 குழந்தைகள் நிமோனியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த வயதுக் குழந்தைகளின் சாவுகளில் இது 100க்கு 14. தெற்கு ஆசியாவிலும், ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கேயும்தான் இந்தச் சாவுகள் மிக அதிகம்.

சாதாரணச் சளி மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். சில நாட்களில் தானே போய்விடும். நிமோனியா அப்படியல்ல. கிருமிகள் நுரையீரலின் உள்ளே வரை இறங்கிவிடுகின்றன. அங்கேயுள்ள மிகச்சிறிய காற்றறைகளில்தான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. அவற்றில் நீரும் சீழும் நிரம்பினால் காற்றுக்கு இடம் ஏது? நுரையீரல் விறைத்துப்போகிறது. ஆழமாக மூச்சை இழுக்க முடியாத குழந்தை, குறைவாகவும் வேகவேகமாகவும் இழுத்து அதை ஈடுகட்டப் பார்க்கிறது. நோய் முற்றினால், மூச்சை உள்ளே இழுக்கும் போதெல்லாம் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறது. பிஞ்சுக் குழந்தையின் விலா எலும்புகள் இன்னும் இறுகவில்லை அல்லவா, அதனால்தான் இது கண்ணுக்கே தெரிகிறது.

ஆகவே நுரையீரலின் நிலையை அறிய ஸ்டெதாஸ்கோப் கட்டாயம் வேண்டும் என்பதில்லை. பாப்புவா நியூகினியில் கோரோகா என்ற ஊரில் பணிபுரிந்த டாக்டர் ஃபிராங்க் ஷானும் அவருடைய தோழர்களும் 1984இல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். இருமலோடு வந்த குழந்தைகளில், நிமிடத்துக்கு 50க்கு மேல் மூச்சு வாங்கியவர்களைத் தனியே கவனித்தாலே நிமோனியாவைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்றார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை இது: 2 மாதம் நிறையாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

"படித்தவர்கள் எண்ணலாம், பாமர மக்களால் முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டமான கட்சிரோலி பதில் சொல்லிவிட்டது. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் அங்கே கிராமத்து ஊழியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் நிமோனியாவைக் கண்டறிந்து மருந்து கொடுக்கக் கற்பித்தார்கள். ஐம்பது வரை எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக ஒரு மணிச்சட்டத்தையும் செய்தார்கள். அதில் ஒரு நிமிட மணற்கடிகாரம் பொருத்தியிருக்கும். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீருவதற்குள் கடைசியிலுள்ள சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா! எனக்குத் தெரிந்த மருத்துவக் கருவிகளில் இதைவிட அழகானது வேறில்லை.

விளைவு 1990இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. இந்த ஏற்பாடு இல்லாத கிராமங்களில் 5 வயதுக்கு உட்பட்ட 1000 குழந்தைகளுக்கு 17.5 பேர் நிமோனியாவால் இறந்தார்கள். ஏற்பாடு இருந்த கிராமங்களில் 8.1 பேர். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. புது மருந்து எதுவும் இல்லை. ஏற்கெனவே இருந்த மலிவான மருந்துதான், உரிய நாளில் உரிய குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

படிக்காதவர் கையில் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுக்கலாமா என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. வேண்டாத இடத்தில் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும். ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுப்பவரைவிட, எண்ணாமலேயே ஒவ்வொரு சளிக்கும் மருந்தை வாரி வழங்குபவர்கள்தானே கெடுதல் அதிகம் செய்கிறார்கள்? அவர்களில் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

உங்களை மருந்து கொடுக்கச் சொல்லவில்லை. அது கூடாது. வேகமான மூச்சு ஆஸ்துமாவாலும் வரலாம். சில வைரஸ்களாலும் வரலாம். பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. நேரத்தோடு அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டாரின் வேலை.

தடுப்பூசிகளும் வந்திருக்கின்றன. ஹிப் என்னும் கிருமிக்கு எதிரான ஊசி அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் 2011இல் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2021இல் நாடு முழுவதும் விரிந்தது. தாய்ப்பாலும் புகையில்லாத அடுப்பும்கூடக் காப்பவையே. ஆயினும் எல்லா நிமோனியாவையும் தடுக்கும் ஊசி இன்னும் இல்லை.

உயிரியல் செய்முறை வகுப்பில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்க்கிறோம். நல்லதுதான். அதே வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கி, மூச்சை எண்ணவும் கற்றுத்தரலாமே! உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள். அமைதியாக இருக்கும்போது எண்ணுங்கள். வயிறோ நெஞ்சோ ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காமல், முழு நிமிடமும் எண்ண வேண்டும். பச்சிளங் குழந்தையின் மூச்சு சீராக இராது. நெஞ்சு குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். மறுபடியும் 60 வந்தால், இரவானாலும் பெரியவர்களை எழுப்பிச் சொல்லிவிடுங்கள்.