வேலை கிடைத்தது, வீடு எங்கே?

அயல்நாடு செல்லும் மொழி மாணவர்கள் படும் பாடு

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்பார்கள். பிரிட்டனில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் படிக்கும் மாணவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லுவார்கள். “அயல்நாட்டில் வேலை தேடிப்பார், வீடு பிடித்துப்பார்!”

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் மொழிப் பட்டப் படிப்பு பெரும்பாலும் 4 ஆண்டு. மூன்றாவது ஆண்டில் மாணவர் அந்த மொழி பேசும் நாட்டுக்குப் போய்த் தங்க வேண்டும். ஏட்டில் படித்த மொழி நாவில் படிய வேண்டும் அல்லவா? கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் ஆபீசிலும் காது கொடுத்துக் கேட்டால்தான் அது வரும்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அதற்கு ஆயத்தம் செய்வது யார்? பல்கலைக்கழகம் ஓரளவு வழி காட்டும். மற்ற பாரமெல்லாம் 20 வயது நிரம்பிய மாணவரின் தலையில்தான் விழுகிறது.

மூன்று வழிகள்

அந்த ஓர் ஆண்டைக் கழிக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பது.

இரண்டாவது, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஆங்கில உதவி ஆசிரியராக இருப்பது. 1905-ம் ஆண்டில் தொடங்கிய பழைய ஏற்பாடு இது. இன்று பிரிட்டிஷ் கவுன்சில் இதை நடத்தி வருகிறது. பிரான்சுக்குப் போகிறவர்கள் பொதுவாக வாரம் 12 மணி நேரம், 7 மாதம் வேலை செய்கிறார்கள். மாதம் சுமார் 800 யூரோ கைக்கு வருகிறது.

மூன்றாவது வழி, ஒரு ஸ்தாபனத்தில் சேர்ந்து வேலை பழகுவது. மொழி நன்றாக வரும். பிற்காலத்தில் உத்தியோகத்துக்கும் உதவும். ஆனால் மூன்றிலும் கரடுமுரடான பாதை இதுதான்.

வேலை தேடும் படலம்

பிரான்சில் வேலை பழகப் போகும் ஒரு மாணவியின் நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். அவள் பல ஸ்தாபனங்களுக்கு விண்ணப்பம் அனுப்புகிறாள். பதில் வருவதே அபூர்வம். கடைசியில் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ் “வா” என்கிறது.

உடனே போய்விட முடியாது. பயிற்சி ஒப்பந்தம் வேண்டும். அதில் மாணவி, பல்கலைக்கழகம், ஸ்தாபனம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் காரியம் நின்றுவிடும்.

சம்பளம் எப்படி? பயிற்சி 2 மாதத்துக்கு மேல் நீடித்தால் பணம் கொடுத்தே தீர வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். குறைந்தபட்சம் மணிக்கு 4 யூரோவுக்குச் சற்று அதிகம். முழு நேரம் உழைத்தால் மாதம் 600 யூரோவைக் கொஞ்சம் தாண்டும். பாரீசில் ஒரு சிறு அறையின் வாடகையே அதை விழுங்கிவிடும்!

ஜெர்மனியில் இன்னொரு வேடிக்கை. சொந்த விருப்பத்தின் பேரில் 3 மாதத்துக்கு மேல் வேலை பழகுகிறவருக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. படிப்பு விதிப்படி கட்டாயமாகப் பழக வருகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கட்டாயத்தின் பேரில் வருகிறவருக்குக் காசு கொடுக்காமலே வேலை வாங்கலாம்!

90 நாள் கணக்கு

முன்பு இவ்வளவு சிரமம் இல்லை. 1987-ம் ஆண்டில் ஐரோப்பாவில் “எராஸ்மஸ்” திட்டம் பிறந்தது. 2007-ம் ஆண்டு முதல் வேலை பழகப் போகிறவர்களுக்கும் அதில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. பிரிட்டிஷ் மாணவருக்கு விசாவும் தேவைப்படவில்லை.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு இடைக்கால ஏற்பாடும் முடிந்தது. இப்போது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் பிரஜை விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதுவும் விருந்தாளியாக. வேலை பழக வேண்டுமானால் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்து விசா வாங்க வேண்டும்.

“ஐரோப்பிய பாஸ்போர்ட் உண்டா?” என்பதையே சில ஸ்தாபனங்கள் முதல் கேள்வியாகக் கேட்கின்றன. பாட்டனார் அயர்லாந்தில் பிறந்த புண்ணியத்தால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்க முடிந்த மாணவருக்குக் கவலை இல்லை. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடையே இப்படி ஒரு பேதம்!

வீடு தேடும் படலம்

ஒப்பந்தமும் விசாவும் கைக்கு வந்துவிட்டன. இனி வீடு.

படிக்கப் போகிறவருக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. விடுதியில் இடம் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. வேலை பழகப் போகிறவருக்கு அங்கே கல்லூரி இல்லை. ஆகையால் மாணவர் விடுதியும் எளிதில் கிடைப்பதில்லை. ஊர்க்காரர்களுக்கு அவர் மாணவர். மாணவர்களுக்கு அவர் வேலைக்காரர். இரண்டுங்கெட்டான் நிலை!

தனி வீட்டுக்காரரிடம் போனால், “ஜாமீன் யார்?” என்று கேட்கிறார். பிரான்சில் குடியிருக்கும் ஜாமீன்தாரர் வேண்டுமாம். ஊருக்குப் புதிதாக வந்த பெண் யாரைக் காட்டுவாள்? முகவரி இல்லாமல் பாங்கிக் கணக்கு திறப்பது கஷ்டம். பாங்கிக் கணக்கு இல்லாமல் வீடு பிடிப்பது கஷ்டம்.

ஜெர்மனியில் குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் சீட்டு வேண்டும். “அறை தருகிறேன், சீட்டு தரமாட்டேன்” என்கிறவர்களும் இருக்கிறார்கள். முன்பணமாக 3 மாத வாடகை வரை கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

இந்த அவசரத்தில்தான் மோசக்காரன் நுழைகிறான். அழகான அறையின் படத்தைக் காட்டுகிறான். வாடகையும் மலிவு. “நான் வெளிநாட்டில் இருக்கிறேன். பணத்தை அனுப்பு, சாவி தபாலில் வரும்” என்கிறான். பணம் போகும். சாவி வராது. அறையைக் கண்ணால் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் படிக்காமல், காசை அனுப்பவே கூடாது.

உதவி இல்லாமல் இல்லை. பிரான்சில் “விசாலே” என்ற ஏற்பாடு, தகுதியுள்ள இளைஞர்களுக்கு இலவசமாக ஜாமீன் நிற்கிறது. 2018-ம் ஆண்டுச் சட்டப்படி, வேலை பழகுகிறவர்கள் 1 முதல் 10 மாதம் வரை தங்க ஒரு தனி வாடகை ஒப்பந்தம் உண்டு. அதில் முன்பணம் கேட்கக் கூடாது. ஆனால் வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் அது நடக்கும். இளம் தொழிலாளர் விடுதிகளும் இருக்கின்றன. இவையெல்லாம் இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது.

பணம் எப்போது வரும்?

எராஸ்மசுக்குப் பதிலாக 2021-ம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் “டூரிங்” திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை 11 கோடி பவுன். உலகம் முழுவதும் போகலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் விண்ணப்பித்துத்தான் பணம் பெற வேண்டும். முடிவு தெரியும்போது கோடை வந்துவிடுகிறது. முன்பணமோ அதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கிறது.

அப்பா பணம் அனுப்பக்கூடிய வீட்டுப் பிள்ளைக்குக் கவலை இல்லை. பஸ் டிரைவரின் மகள் என்ன செய்வாள்? மொழிப் படிப்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவாள். இங்கிலாந்தில் 14 வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயமில்லை என்று 2004-ம் ஆண்டிலேயே ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் மாணவர்களையும் வீட்டு வாடகை விரட்டினால், நாளைக்கு மொழி ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்?

என்ன வழி?

2027-ம் ஆண்டில் மறுபடியும் எராஸ்மசில் சேரப்போவதாக 2025 டிசம்பரில் பிரிட்டன் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் உபகாரச் சம்பளம் வேறு, விசா வேறு. ஒன்று வந்தால் மற்றது தானாகத் தீர்ந்துவிடாது. வீட்டுக்கு ஜாமீனும் அது நிற்காது.

வெளிநாட்டில் கழிக்கும் முழு ஆண்டுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் வழக்கமான கட்டணத்தில் 15 சதவீதம் வரை வாங்கலாம். வாங்கும் பணத்துக்கு வேலை செய்யட்டும். ஸ்தாபனங்களோடு நிரந்தரத் தொடர்பு வைக்கட்டும். ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்துப் போடட்டும். முன்பணத்துக்குக் கைமாற்றாவது கொடுக்கட்டும். அங்கிருந்து வரும் மாணவருக்கு இங்கே ஒரு அறை ஒதுக்கி, இங்கிருந்து போகிறவருக்கு அங்கே ஒரு அறை கேட்டு வாங்கட்டும்.

மொழி கற்க அனுப்பிய மாணவி, முதல் மாதம் முழுவதும் கற்றது “வாடகை”, “ஜாமீன்”, “முன்பணம்” என்ற மூன்று சொற்களைத்தானா? அந்த நிலை மாற வேண்டும்!