சாமை யந்திரம் யாருக்காக?

அரூரை அடுத்த சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு பயிரிட்டு வாழ்ந்தவர்கள். சாமையை விளைவிப்பது ஒரு பாடு. அதை அரிசியாக்குவது மற்றொரு பெரும்பாடு. மணி மிகச் சிறியது. உமியோ இறுகப் பற்றியிருக்கும். நெல் மில்லில் கொட்டினால் உமி நீங்காத மணியும் நொறுங்கிய குருணையுமே கிடைக்கும். எனவே உரலும் உலக்கையும், அவற்றோடு பெண்களின் தோள்வலியுமே மலைநாட்டின் சாமை மில்லாக இருந்து வந்தன.

நெல்லுக்கு ஊர்தோறும் மில் வந்தபோது சாமைக்கு ஏன் வரவில்லை? விஞ்ஞானம் கைவிரித்துவிட்டதா? இல்லை. வேகமாய்ச் சுழலும் தட்டு மணியை வீசியெறிய, அது சுவரில் மோதி உமி உடைகிறது. காற்று உமியை ஊதித் தள்ளுகிறது. யந்திரத்தின் தத்துவம் இவ்வளவுதான். கேட்டவர் கையில் காசு இல்லை என்பதே உண்மைக் காரணம்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997-ல் ஒரு நூல் எழுதினார். பெரிய கம்பெனிகள் தங்களுக்கு லாபம் தரும் வாடிக்கையாளர் சொல்லையே கேட்கின்றன. அவை அலட்சியம் செய்த எளியவர்களிடம்தான் மலிவான புதுமை முதலில் காலூன்றுகிறது. பின்னர் வளர்ந்து அந்தக் கம்பெனிகளையே ஆட்டம் காண வைக்கிறது என்றார். நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1969-ல் ஆமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீடு வீடாகச் சென்று விற்ற நிர்மா சலவைத்தூள், சர்ஃப் வாங்க முடியாத குடும்பங்களின் ஆதரவால் வளர்ந்தது. கடைசியில் ஹிந்துஸ்தான் லீவரும் 'வீல்' என்ற மலிவுத் தூளைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆனால் இது பாதி உண்மையே. ஏழையின் சில்லறைக் காசு லட்சக்கணக்கில் சேர்ந்தால்தான் முதலாளியின் கண்ணுக்குச் சந்தையாகத் தெரியும். நகரங்களில் அது சேர்ந்தது. மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் எப்படிச் சேரும்? அங்கே தேவை உண்டு. ஆனால் சந்தைக் கணக்கில் அது ஏறுவதில்லை.

2011 ஜூன் முதல் தமிழக ரேஷன் கடைகளில் அரிசி இலவசமாயிற்று. பசி தீர்த்த அந்தத் திட்டத்தை நாம் குறைகூறவில்லை. ஆயினும், குத்த வேண்டிய சாமையும் குத்தாமல் கிடைக்கும் அரிசியும் எதிரே இருந்தால், அலுத்த கை எதை எடுக்கும்?

பிறகு நீரிழிவுக்கு அஞ்சிய நகரத்தார் சிறுதானியத்தைத் தேடத் தொடங்கினர். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. காசுள்ளவர் கேட்டதும் யந்திரங்கள் பெருகின! அவர்களில் பலர் விரும்புவதோ வெள்ளை வெளேரென்ற சாமை. தீட்டத் தீட்டத் தவிடும் போகிறது, நார்ச்சத்தும் போகிறது. மில் சமவெளியில் இருந்தால், மலை விவசாயி உமியோடு தானியத்தை விற்க வேண்டும். அரிசியாக்குவதில் வரும் லாபம் மில்காரருக்குப் போகும்.

வேறு வழி இல்லையா? உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறு யந்திரங்களை ஊர்க் குழுக்களிடமே ஒப்படைத்தது. உலக்கை பிடித்த பெண்களே யந்திரத்தையும் நடத்த முடியும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது.

சர்க்கார் நினைத்தால் தானே பெரிய வாடிக்கையாளராக முடியும். 2023 மே மாதத்தில் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் துவங்கியது. இதை நாம் வரவேற்கிறோம். இதே வழியில் சாமைக்கும் கட்டுப்படியாகும் விலை நிர்ணயித்து, மலையிலேயே கொள்முதல் செய்ய வேண்டும். பழங்குடி மக்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மாதர் குழுக்களுக்கும் உமி நீக்கும் யந்திரமும், அதை இயக்க மின்சாரமும், பழுது பார்க்கப் பயிற்சியும் அளிக்க வேண்டும். அதிகம் தீட்டாத சாமையே சத்துணவுக்கும் ரேஷனுக்கும் வாங்கப்பட வேண்டும்.

வாங்குவோரே யந்திரத்தின் தலைவிதியை நிர்ணயிக்கிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் தனித்தனியே நின்று கேட்காதீர்கள், சங்கமாய்த் திரண்டு கேளுங்கள் என்று மலைவாழ் மக்களுக்குச் சொல்வோம். அந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பது சர்க்காரின் கடமை.