வடித்த எண்ணெய் எங்கே?

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் கோடை முழுதும் ஓடிய நம் காரின் காற்று வடிகட்டியை அண்மையில் நாமே கழற்றினோம். தட்டியபோது கரிசல் புழுதி கொட்டியது. அது எஞ்சினுக்குள் புகுந்தால் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும். காகித வடிகட்டியைக் கழுவலாகாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒளி ஊடுருவாவிடில் புதியதைப் பொருத்த வேண்டும்.

எண்ணெய் மாற்றுவோர் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் அவசியம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தலாகாது. எஞ்சினைச் சிறிது ஓட்டி நிறுத்தி, சற்றே ஆறியபின் வடித்தால் அழுக்கும் உடன் இறங்கும். பழைய எண்ணெய் வடிகட்டியின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நின்றுவிடாமல் கவனியுங்கள். புதிய வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால் இறுக்குங்கள். அளவுக்கம்பியின் இரு குறிகளுக்கிடையே எண்ணெய் நின்றால் போதும். பாகங்களைப் பெட்ரோலால் கழுவும் வழக்கம் வேண்டாம்; ஒரு பொறி என்ன செய்யும் என்பதைப் பட்டாசுத் தொழில் செய்யும் நம் குடும்பங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி, வடித்த எண்ணெய்? முன்பொரு முறை நாமும் அதை வேலியோரம் ஊற்றினோம். அவ்வழியே ஒரு தாய் தண்ணீர்க் குடத்துடன் நடந்து சென்றதைக் கண்டு வெட்கினோம். மழை குறைந்த இப்பகுதியில் மண்ணில் ஊற்றியது கிணற்றையும் கண்மாயையும் தேடிச் செல்லும். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகளும் பழைய எண்ணெயை அபாயகரமான கழிவுகளுள் சேர்த்துள்ளன. ஆகவே, அதனை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் பணிமனையில் ஒப்படைப்போம்.

நம் கையால் செய்து நாம் மிச்சப்படுத்திய கூலியை அண்டை வீட்டுக் கிணறு செலுத்தலாகாது அன்றோ!