காற்பந்தரங்கும் பிள்ளைகளும்

இங்கிலாந்து, இத்தாலி, துருக்கி முதலிய நாடுகளில் காற்பந்தாட்டம் நிகழும் நாளில் ஊரே ஒரு நிறம் பூண்டு அரங்கை நோக்கி நடக்கும். தந்தையின் தோள்மீது அமர்ந்து செல்லும் சிறுவரும், அண்ணனின் கையைப் பற்றிச் செல்லும் சிறுமியரும் அக்கூட்டத்தில் உண்டு. பிள்ளைகளை இவ்வாறு அழைத்துச் செல்லுதல் தக்கதோ தகாததோ என்னும் வினா அந்நாடுகளில் நெடுநாளாக வழங்கி வருகின்றது. அரங்கில் வசைமொழியும் கைகலப்பும் மிகுதி, ஆதலின் பிள்ளைகள் கெடுவர் என்பார் ஒரு சாரார். பிள்ளைகள் வாராத அரங்கு நாளடைவில் முரடர்களின் உறைவிடமாகிவிடும் என்பார் மற்றொரு சாரார். அழைத்துச் செல்லுதலே தக்கது என்பது என் கருத்து. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை அழைத்துச் செல்லும் பெரியவரே கொடுத்தல் வேண்டும்.

குழுவொன்றைத் தமதெனக் கொண்டாடுவோரை ஆங்கிலர் 'ஃபேன்' என்பர். 'ஃபனாட்டிக்' என்பதன் குறுக்கம் அது என்பர் சொல்லாராய்ச்சியாளர். வெறியர் என்பது அதன் பொருள். இத்தாலியர் அவர்களைத் 'தீஃபோசி' என்பர். அச்சொல்லோ கொடிய காய்ச்சல் ஒன்றின் பெயரோடு உறவுடையது. தமிழில் யாரோ ஒருவர் ஆங்கிலச் சொல்லைப் பிறழ உணர்ந்து 'விசிறி' என்று பெயர்த்து வைத்தார். மாணவன் ஒருவன் தேர்வுத்தாளில் அவ்வாறு எழுதியிருப்பின் நான் சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் இன்று எண்ணிப் பார்க்குங்கால், மூன்று சொற்களுள்ளும் பொருத்தமானது அதுவே எனத் தோன்றுகின்றது. விசிறி களைத்தவரின் வியர்வையை ஆற்றும். அடுப்பிற் கிடக்கும் நெருப்பையும் மூட்டும்.

நெருப்பு மூண்ட நாள்கள் பல. 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தாவின் ஈடன் தோட்ட அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு குழுக்களும் ஆடின. ஆட்டத்தின்போது பார்வையாளரிடையே மூண்ட பூசலிலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். 1985ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் பெல்சிய நாட்டின் பிரசல்சு நகரத்து ஹெய்சல் அரங்கில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் தொடங்க இருந்தது. அதற்கு முன்பே லிவர்பூல் குழுவின் விசிறிகள் சிலர் யுவெண்டசு என்னும் இத்தாலியக் குழுவின் பக்கத்தார்மீது பாய்ந்தனர். அஞ்சி ஓடியோர் சுவரோரம் நெருக்குண்டனர், சுவர் இடிந்தது, 39 உயிர்கள் மடிந்தன. அதன் பயனாக இங்கிலாந்தின் குழுக்கள் ஐந்தாண்டுக் காலம் ஐரோப்பியப் போட்டிகளினின்றும் விலக்கி வைக்கப்பெற்றன.

எனினும், அரங்கில் நேரும் சாவு யாவற்றுக்கும் விசிறிகளே காரணர் என்று கூறுதல் அறமன்று. 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் ஷெஃபீல்டு நகரத்து ஹில்சுபரோ அரங்கில் 97 பேர் உயிரிழக்கக் காரணமான நெரிசல் நேர்ந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் அவர்களுள் இருந்தான். குடித்துவிட்டு வந்த கூட்டத்தின் குற்றமே இது என்று அந்நாளில் காவல்துறையினர் கூறினர். செய்தித்தாள்கள் சிலவும் அதனையே எழுதின. நிறைந்து வழிந்த பகுதிக்குள் மேலும் மக்கள் புகுமாறு வாயிலைத் திறந்துவிட்டவர் காவலர் என்பதும், பார்வையாளர்மீது பழியில்லை என்பதும் 2016ஆம் ஆண்டில்தான் விசாரணைச் சான்றாயத்தாரால் முடிவு செய்யப்பெற்றன. பிள்ளைகளை இழந்த பெற்றோர் 27 ஆண்டுகள் அப்பழியைச் சுமந்து நின்றனர். இந்தோனேசியாவின் மாலாங் நகரில் 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடந்ததும் இத்தகையதே. தம் குழு தோற்றதனால் சிலர் ஆடுகளத்துள் இறங்கியது தவறுதான். ஆனால் அமர்ந்திருந்த மக்கள்மீதும் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. வெளிவாயில்களில் நெருக்குண்டு மாண்டவர் தொகை 135. அவருட் பிள்ளைகளும் பலர். ஆதலின் அரங்கினுள் நுழைந்தவுடன் வெளியேறும் வழி யாதென நோக்குதல் பிள்ளையை உடன்கொண்டு செல்வோரின் முதற்கடமையாகும்.

ஹில்சுபரோவிற்குப் பின்னர் இங்கிலாந்தில் பெருங்குழுக்களின் அரங்குகளெல்லாம் நிற்குமிடம் ஒழித்து இருக்கைகள் இட்டன. பொருள்களை எறிதல், இழிசொற்களைக் கூட்டமாகக் கூவுதல், ஆடுகளத்துட் புகுதல் ஆகியவற்றை 1991ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. சட்டம் கையைக் கட்டும். நாவைக் கட்டுவது எளிதன்று என்பதற்கு இத்தாலியிலிருந்தே சான்று வருகின்றது. அதற்குமுன் துருக்கியில் நடந்ததைக் கூறுதல் வேண்டும்.

இசுதான்புல் நகரத்து ஃபெனர்பாச்சே குழுவின் விசிறிகள் 2011ஆம் ஆண்டு ஓர் ஆட்டத்தின் நடுவே களத்துட் புகுந்து குழப்பம் விளைத்தனர். பார்வையாளர் இன்றியே இரண்டு ஆட்டங்கள் ஆடுக என்பது அவர்களுக்கு இடப்பட்ட தண்டனை. வெற்றிருக்கைகளுக்கு முன் ஆடுவதைவிட, மகளிரையும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கட்டணமின்றி அனுமதித்தல் நன்று எனப் பின்னர் மாற்றம் செய்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் 41,000 பேருக்கு மேல் வந்து குழுமினர். இகழ்ந்து கூவுதலே எதிர்க்குழுவினருக்கு வழக்கமான வரவேற்பு. அன்று அவர்களைக் கைதட்டி வரவேற்றனர். ஆட்டக்காரரும் மலர்களைக் கூட்டத்தினிடையே வீசினர். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி 1-1 என முடிந்தது.

பிள்ளை அருகிலிருத்தலே பெரியவரைத் திருத்தும் என்பதற்கு நான் கண்ட சான்றும் ஒன்று உண்டு. ஒருமுறை என் பெயரனை உள்ளூர் ஆட்டம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றேன். எமக்குப் பின்னே இருந்தவர் நடுவரை நோக்கி ஒரு சொல்லை உரக்கக் கூறினார். "தாத்தா, அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன?" என்று அவன் வினவினான். நாற்பதாண்டுக் காலம் சொற்பொருள் உரைத்தே ஊதியம் பெற்ற எனக்கு அன்று உரை எழவில்லை. வினாவைச் செவியுற்ற அப்பெரியவரோ நாணித் தலைகுனிந்து, ஆட்டம் முடியுமளவும் வாய் திறந்திலர்.

இனி, இத்தாலியில் நிகழ்ந்தது. 2013ஆம் ஆண்டு நவம்பரில் யுவெண்டசுக் குழுவின் விசிறிகள் நேப்பிள்சு நகரத்தாரை ஊர்ப்பெயர் சுட்டி இழிவாகப் பாடினர். அதனால் அவர்கள் அமரும் பகுதிகள் மூடப்பட்டன. துருக்கியரைப் போலவே டூரின் நகரத்தாரும் அவ்விடங்களிற் பிள்ளைகளை அமர்த்த இசைவு பெற்றனர். டிசம்பர் முதல் நாள் பன்னீராயிரவர் அளவிலான சிறுவர் சிறுமியர் வந்து நிறைந்தனர். காண்போர் உள்ளம் குளிர்ந்தது. எதிர்க்குழுவாகிய உதினேசின் இலக்குக் காவலர் பந்தை உதைக்க ஓடிவந்தார். உடனே அத்தனை மழலை வாய்களும் சேர்ந்து ஓர் இழிசொல்லைக் கூவின! ஒருமுறையன்று, அவர் உதைத்த போதெல்லாம் கூவின. பிள்ளைகள் செய்த அக்குற்றத்திற்காகக் குழு 5,000 யூரோ தண்டம் செலுத்திற்று.

பிள்ளைகளின் விளையாட்டுக் கூச்சலுக்குத் தண்டமா என்று நகைத்தவர் உண்டு. நான் நகைக்கமாட்டேன். அச்சொல்லை அப்பிள்ளைகள் எந்த வகுப்பிற் கற்றனர்? அதனை எந்தக் கணத்திற் கூவுதல் வேண்டும் என்பதைப் பிழையின்றி அவர்களுக்குப் பயிற்றியவர் யாவர்? அதே இருக்கைகளில் வாரந்தோறும் அமர்ந்த தந்தையரும் தமையன்மாருமே அவ்வாசிரியர். தண்டத்தைக் குழுவினிடம் பெறாது அத்தந்தையரிடம் பெற்றிருப்பின் இன்னும் முறையாக இருந்திருக்கும்.

அங்ஙனமாயின் பிள்ளைகளை வீட்டிலேயே இருத்திவிட்டால் தீங்கு நீங்குமே எனிற் கூறுவேன். இங்கிலாந்தின் லங்காசயர் வட்டாரத்துக் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ச்சியாளர் சிலர் ஆராய்ந்தனர். 2002, 2006, 2010 ஆகிய மூன்று உலகக்கோப்பைக் காலங்களிலும் இங்கிலாந்து தோற்ற நாள்களில் இல்லத்துள் நிகழ்ந்த வன்கொடுமை பற்றிய முறையீடுகள் நூற்றுக்கு 38 கூடியிருந்தன. வென்ற நாளிலும், சமன் செய்த நாளிலும்கூட நூற்றுக்கு 26 மிகுந்திருந்தன. அரங்கின் படியை மிதியாத பிள்ளையும் தந்தையின் சினத்திற்குத் தப்பவில்லை என்பது இதனால் விளங்கும். தோற்ற மாலையில் தந்தை எம்முகத்தோடு வீடு திரும்புகிறார் என்பதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கும் பிள்ளைக்கு, ஆட்டத்தைப் பற்றி வேறு கல்வி கிடைப்பதில்லை. அரங்கிற்குச் சென்ற பிள்ளையோ நல்ல ஆட்டத்தையும் கண்ணாற் காண்கிறது. தம் குழு தோற்றும் தந்தை எழுந்து எதிர்க்குழுவுக்குக் கைதட்டுவாராயின் அதனையும் காண்கிறது.

மிக இளங்குழவியரைப் பேரரங்குகளுக்குக் கொண்டு செல்லுதலை நான் விரும்பேன். பறையொலியும் ஊதலொலியும் அவர்தம் செவிக்கு ஆகா. தொண்ணூறு நிமிடம் அமர்ந்திருக்கும் பொறுமை ஏழெட்டு வயதில் வரும். அதுவும் சிற்றூர் ஆட்டங்களிற் பழகிய பின்னரே. பிள்ளையின் கையிற் கட்டும் பட்டையில் பெரியவரின் தொலைபேசி எண்ணை எழுதிவிடும் நல்வழக்கம் இங்கிலாந்தின் குழுக்கள் பலவற்றில் உண்டு. கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே நிற்பது என்பதை முன்னரே பேசி வைத்தலும் வேண்டும்.

ஆட்டம் முடிந்தவுடன் எல்லாரோடும் முட்டிமோதி வெளியேறுதல் பிள்ளையோடு வந்தவருக்கு ஆகாது. கால் மணி நேரம் இருக்கையிலேயே இருந்துவிடலாம். 1998ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த உலகக்கோப்பை முதலாக, ஜப்பானிய விசிறிகள் அந்நேரத்தில் தம்மைச் சூழக் கிடக்கும் தாள்களையும் கிண்ணங்களையும் பொறுக்கிப் பையிலிட்டுவிட்டுச் செல்கின்றனர். தோற்ற நாளிலும் அங்ஙனமே செய்கின்றனர். பிள்ளையின் கையிலும் ஒரு பையைக் கொடுத்துவிட்டால், வாயிலில் நெரிசல் குறையும் வரை அதற்குப் பொழுது போய்விடும்.